கைநாட்டு சம்மதமாகுமா?

(ஜமாஅத்தார் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

எல்லாப் புகழும் வல்ல இறைவனுக்கே! அவனது தூதர் முஹம்மது நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!

   

நாம் இன்று பேச எடுத்துக்கொண்டிருப்பது தொழுகையையோ நோன்பையோ பற்றியதன்று, நிலத்தைப் பற்றியது. நிலம் விற்பவர் அல்லது வாங்குபவர் எழுதப் படிக்கத் தெரியாதவராக இருந்தால் அந்த வியாபாரம் செல்லுமா என்பதே கேள்வி. ஊர்ப் பெரியவர்களும் பெண்மக்களும் இக்கேள்வியை இரு வேறு விதமாகக் கேட்கின்றனர். "படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைத்த பத்திரம் எப்படிச் செல்லும்?" என்பர் சிலர். "கைநாட்டு வைத்தாயிற்று, பதிவும் ஆயிற்று, இனிப் பேச என்ன இருக்கிறது?" என்பர் வேறு சிலர். இரண்டும் தவறான எண்ணங்கள் என்பதையே ஷரீஅத்தின் ஒளியிலும், நம் நாட்டுச் சட்டத்தின் துணையோடும் விளக்க முனைகிறோம்.

இது ஓரிருவருக்கு மட்டும் உரிய விஷயம் என எண்ண வேண்டாம். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ளோரில் எழுத்தறிவு பெற்றோர் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர். பெண்களில் அது 73 விழுக்காட்டை ஒட்டியே இருந்தது. அதாவது, பெண்களில் நால்வரில் ஒருவருக்கு மேல் எழுத்தறியாதவர். நம் வீடுகளில் நிலம் யார் பெயரில் இருக்கிறது, அவர்களில் எத்தனை பேரால் ஒரு கிரயப் பத்திரத்தை வாசிக்க இயலும் என்பதை ஒவ்வொருவரும் தம் உள்ளத்திற்குள் எண்ணிப் பார்த்துக்கொள்வோமாக.

படிப்பு வியாபாரத்தின் நிபந்தனையா?

வியாபாரம் செல்லுபடியாவதற்கு ஃபிக்ஹு நூல்கள் கூறும் நிபந்தனைகளை ஓதியவர்கள் அறிவார்கள். விற்பவரும் வாங்குபவரும் புத்தி சுவாதீனம் உடையவராக இருக்க வேண்டும். அவர்கள் நிர்ப்பந்திக்கப்பட்டிருத்தல் கூடாது. விற்கப்படும் பொருளும் விலையும் இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். "விற்றேன்" என்னும் ஈஜாபும் "வாங்கினேன்" என்னும் கபூலும் ஒரே பொருளின் மீது ஒத்து நிகழ வேண்டும். இந்நிபந்தனைகளில் எழுத்தறிவு எங்கும் இல்லை. மார்க்கச் சட்டம் ஊமையின் சைகையைக்கூடப் பேச்சின் இடத்தில் வைத்து ஏற்கிறது. அப்படியிருக்க, வாய்விட்டுப் பேசவும் காதாரக் கேட்கவும் வல்ல ஒருவரைப் படிக்கத் தெரியாது என்பதற்காக அது எங்ஙனம் தள்ளிவைக்கும்?

இதற்கு ஹுதைபிய்யா உடன்படிக்கையைக் காட்டிலும் பெரிய சான்று வேண்டியதில்லை. ஹிஜ்ரி 6-ஆம் ஆண்டில் குறைஷியருடன் செய்யப்பட்ட அந்த உடன்படிக்கையில் ஒரு தரப்பாக இருந்தவர் எழுதவும் வாசிக்கவும் கற்றிராத உம்மி நபியான நம் பெருமானார் (ஸல்) அவர்கள். எழுதியவர் அலீ (ரலி) அவர்கள். "அல்லாஹ்வின் தூதர்" என்ற சொல்லைக் குறைஷியரின் சார்பில் வந்த ஸுஹைல் மறுத்தபோது அதனை அழிக்க அலீ (ரலி) அவர்களுக்கு மனம் வரவில்லை. அச்சொல் எங்கே இருக்கிறது எனக் காட்டுமாறு கேட்டு, காட்டப்பட்ட இடத்தைத் தம் கரத்தாலேயே நபியவர்கள் அழித்தார்கள்.

இந்நிகழ்ச்சியில் நமக்கு மூன்று பாடங்கள் உள்ளன. முதலாவது, படிக்கத் தெரியாதவரின் ஒப்பந்தம் முழு ஒப்பந்தமே. உடன்படிக்கை எழுதப்பட்டுக் கொண்டிருந்த வேளையிலேயே விலங்கோடு தப்பி வந்த அபூ ஜந்தல் (ரலி) அவர்களை, நெஞ்சு கனக்க, ஒப்பந்தத்தின்படி நபியவர்கள் திருப்பி அனுப்பியது இதற்குச் சாட்சி. இரண்டாவது, படிக்கத் தெரியாதவரின் பக்கம் எழுதுகோல் பிடித்தவர் அவருடைய சொந்த நம்பிக்கைக்குரியவர். எதிர்த் தரப்பாரின் எழுத்தர் அல்லர். மூன்றாவது, எழுதப்பட்டிருப்பது இன்னது, அது இருக்கும் இடம் இன்னது என்பது அவருக்குச் சுட்டிக் காட்டப்பட்டது. ஒப்பந்தத்தின் உறுதி இவ்விரண்டின் மீதும் நின்றது.

ஆகவே, "எனக்குப் படிக்கத் தெரியாது" என்ற ஒன்றை மட்டும் காரணமாகக் காட்டி, முழுவதும் அறிந்து மனமொப்பி விற்ற நிலத்தைத் திரும்பக் கேட்க யாருக்கும் உரிமையில்லை. புறவழிச் சாலை வந்து நிலத்தின் மதிப்பு பன்மடங்கு ஏறிய பின்னர், பழைய கைநாட்டைக் காட்டி வழக்காட நினைப்பவர் அல்லாஹ்வை அஞ்சிக்கொள்ள வேண்டும். அது வாக்கு மீறல். வாங்கியவர் மீது இழைக்கும் அநீதி.

செல்லாமல் ஆக்குவது எது?

அப்படியானால் எது ஒப்பந்தத்தைக் கெடுக்கிறது? அறியாமையும் வஞ்சகமும்தாம். ஒருவர் பொருளை ஒருவர் அனுபவிப்பதை ஆகுமாக்குவது இருதரப்பின் மனப்பொருத்தமே என்பது அருள்மறையின் அந்நிஸா அத்தியாயம் காட்டும் அடிப்படை. மனம் பொருந்த வேண்டுமானால் முதலில் அறிந்திருக்க வேண்டும். அறியாத ஒன்றின் மீது சம்மதம் என்பதே இல்லை.

ஓர் உதாரணம் கொள்வோம். ஒருவர் தம் புன்செயில் 10 சென்ட் நிலத்தை விற்க வாயால் பேசி விலையும் முடிக்கிறார். பத்திரத்தில் 16 சென்ட் என எழுதப்படுகிறது. அவருக்குப் படிக்கத் தெரியாது, பெருவிரலை ஒற்றுகிறார். ஈஜாபும் கபூலும் நிகழ்ந்தது 10 சென்ட்டின் மீது மட்டுமே. மீதி 6 சென்ட் மார்க்கத்தின் பார்வையில் விற்கப்படவே இல்லை. அதை வேலியிட்டு வளைத்துக்கொள்வது வியாபாரம் அன்று. கஸ்ப் எனப்படும் அபகரிப்பு. ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்தவன் கழுத்தில் ஏழு பூமிகளின் அளவுக்கு அது மாலையாக மாட்டப்படும் என்னும் கருத்தில் வந்துள்ள நபிமொழியை ஸயீத் இப்னு ஸைத் (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். ஒரு சாணுக்கே இந்த எச்சரிக்கை என்றால் 6 சென்ட்டுக்கு என்ன பதில் வைத்திருக்கிறோம்?

இன்னோர் உதாரணம், நம் குடும்பங்களுக்கு இன்னும் நெருக்கமானது. ஒருவர் இறக்கிறார். பெற்றோரும் மனைவியும் முன்னரே மறைந்துவிட்டனர். இரு மகன்கள், ஒரு மகள். 100 சென்ட் நிலம் உள்ளது. கடனும் வஸிய்யத்தும் இல்லையெனில் மகன்களுக்கு ஆளுக்கு 40 சென்ட், மகளுக்கு 20 சென்ட். இது அல்லாஹ் பங்கிட்டது. ஆனால் நடப்பது என்ன? "பட்டா மாற்ற வேண்டும், ஒரு கைநாட்டு வைத்துவிட்டுப் போம்மா" என்று சகோதரி அழைக்கப்படுகிறார். வாடகைக் காரில் சார்பதிவாளர் அலுவலகம் செல்கிறார்; திரும்பும் வழியில் உணவும் வாங்கித் தரப்படுகிறது. அவர் விரல் ஒற்றியது பட்டா மாற்றத்துக்கான மனுவில் அன்று. தம் 20 சென்ட்டையும் விட்டொழித்த விடுதலைப் பத்திரத்தில். அவருக்கு அது தெரிய வரும்போது பேரப்பிள்ளைகள் பிறந்திருப்பார்கள்.

"அவளே விட்டுக்கொடுத்தாள்" என்பார்கள். விட்டுக்கொடுப்பது நற்செயலே, மறுக்கவில்லை. ஆனால் தமக்கு இவ்வளவு பங்கு உண்டு, அதன் மதிப்பு இவ்வளவு என்று அறிந்து, கேட்பாரின் முகத்துக்கு அஞ்சாமல் விடுவதே விட்டுக்கொடுப்பு. அளவு அறியாத ஒன்றை விட்டுக்கொடுத்தல் செல்லாது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். தனக்கு என்ன உரியது என்றே அறியாதவர் எதனை விட்டுக்கொடுத்தார்?

சொல்லித் தருவது யார் உரிமை?

பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம் அருள்மறையிலேயே மிக நீண்ட வசனம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்வது பற்றியது. அதில் நாம் பெரிதும் கவனிக்காத ஒரு செய்தி உண்டு. எழுத்தர் எழுத வேண்டியதைச் சொல்லித் தர வேண்டியவர் யார்? பணம் கொடுத்தவர் அல்லர். எவர் மீது பொறுப்புச் சுமத்தப்படுகிறதோ, அந்தக் கடனாளியே சொல்ல வேண்டும் என்கிறது அவ்வசனம். அவர் பேதையாகவோ பலவீனராகவோ சொல்ல இயலாதவராகவோ இருந்தால் அவருடைய பொறுப்பாளர் நீதியோடு சொல்ல வேண்டும். எழுத்தரும் நீதியோடு எழுத வேண்டும். சாட்சிகளும் வேண்டும்.

இதிலுள்ள ஞானத்தைக் கவனியுங்கள். ஆவணத்தில் வலுவான தரப்பின் வாயிலிருந்து வரும் சொல் இறைவனுக்குப் போதுமானதாக இல்லை. எவர் கட்டுப்படப் போகிறாரோ அவர் வாயிலிருந்தே அது வர வேண்டும். இன்று நம்மிடையே உள்ள வழக்கம் என்ன? பெரும்பாலும் வாங்குபவரே பத்திர எழுத்தரை அமர்த்துகிறார்; கூலியும் அவரே தருகிறார்; வாசகமும் அவர் சொற்படி அமைகிறது. நிலத்தை இழக்கப்போகிறவர் கடைசியாக வந்து விரலை நீட்டுகிறார். நாம் அந்த வசனத்தின் ஒழுங்கைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறோம்.

வியாபாரம் செல்லுபடியாக எழுத்து கட்டாயமில்லை, அது விரும்பத்தக்கது என்பதே பெரும்பாலான இமாம்களின் கருத்து. எனினும் நம் முன்னோர்கள் எழுத்தை மிகப் பேணினார்கள். ஒப்பந்த வாசகங்களை எப்படி அமைப்பது என்பதற்கென்றே "ஷுரூத்" என்னும் தனிக் கலை வளர்ந்தது. ஹிஜ்ரி 321-இல் மறைந்த ஹனஃபி மத்ஹபின் பேரறிஞர் இமாம் தஹாவீ (ரஹ்) அவர்கள் அக்கலையில் நூல்கள் இயற்றினார்கள். எகிப்தில் கிடைத்துள்ள பழைய அரபுக் கிரயச் சீட்டுகளில், இச்சீட்டு இரு தரப்பாருக்கும் வாசித்துக் காட்டப்பட்டது, அவர்கள் அதை விளங்கிக்கொண்டதாக ஒப்புக்கொண்டனர் என்னும் பொருளில் வாசகம் எழுதப்பட்டிருப்பதைக் காண்கிறோம். படிக்கத் தெரியாதோர் அன்றும் நிலம் விற்றனர். அவர்களுக்கு வாசித்துக் காட்டுவது ஆவணத்தின் அங்கமாகவே இருந்தது.

நம் ஊர்ப் பத்திரங்களின் சொத்து விவரப் பகுதியைத் "தபசில்" என்கிறோம். அது "தஃப்ஸீல்" என்னும் அரபுச் சொல்தான். பிரித்து விளக்குதல் என்பது அதன் பொருள். விளக்குவதற்காக எழுதப்படும் பகுதியை யாருக்கும் விளக்காமலே விட்டுவிடுகிறோம்.

நாட்டுச் சட்டம் கூறுவது

நாம் வாழும் நாட்டின் சட்டமும் இவ்விஷயத்தில் ஷரீஅத்தோடு பெரிதும் நெருங்கியே நிற்கிறது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் எழுத்தறிவை நிபந்தனையாக்கவில்லை. இருவரும் ஒரே விஷயத்தை ஒரே பொருளில் ஒப்புக்கொள்வதே சம்மதம் என்று அதன் 13-ஆம் பிரிவு கூறுகிறது. நிர்ப்பந்தம், தகாத செல்வாக்கு, மோசடி, தவறான கூற்று ஆகியவற்றால் பெறப்பட்ட சம்மதம் சுதந்திரமான சம்மதம் அன்று.

1968-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கில், மனைவியின் நிலங்களைக் கணவர் தானப் பத்திரமாக எழுதி வாங்கியிருந்தார். அத்தீர்ப்பு ஒரு முக்கிய வேறுபாட்டை எடுத்துரைத்தது. பத்திரம் என்ன வகை என்பதிலேயே ஏமாற்றியிருந்தால் அது அடியோடு செல்லாது. பத்திரத்தின் வகை தெரிந்து, உள்ளே எழுதப்பட்ட விவரத்தில் ஏமாற்றியிருந்தால், ஏமாற்றப்பட்டவர் வழக்கிட்டு நீக்கும்வரை அது நிற்கும். பட்டா மனு என்று சொல்லி விடுதலைப் பத்திரத்தில் விரல் ஒற்ற வைத்தது முதல் வகை. 10 சென்ட்டை 16 என எழுதியது இரண்டாம் வகை. இரண்டாம் வகையில் ஏமாற்றப்பட்டவர், அந்த மோசடி தமக்குத் தெரிய வந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் பத்திரத்தை ரத்துச் செய்ய வழக்கிட வேண்டும். 1963-ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டம் வகுத்த எல்லை அது. உறவு முறிந்துவிடுமே என்று மௌனமாக இருப்போர் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

திரைக்குப் பின் வாழும் பெண்களிடம் எழுதி வாங்கிய பத்திரங்களில், அப்பெண் விளங்கியே செய்தார் என்று நிரூபிக்கும் பொறுப்பு வாங்கியவர் மீதே என்பது பழைய பிரிவி கவுன்சில் காலந்தொட்டு வரும் நெறி. நீதிமன்றங்கள் அந்தப் பாதுகாப்பை எழுத்தறியாதோருக்கும் முதியோருக்கும் விரித்தன. நூறு வயதைக் கடந்த, எழுத்தறியாத ஒரு முதியவரின் பெயரால் எழுதப்பட்ட பத்திரம் பற்றி 2003-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் இவ்வழியில் அமைந்ததே.

பதிவு பற்றியும் ஒரு சொல். 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நிலத்தைப் பதிவு பெற்ற பத்திரத்தின் மூலமே விற்க முடியும் என்பது 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம். பதிவு கட்டாயம், ஐயமில்லை. ஆனால் பதிவு அலுவலகத்தில் ரேகையும் புகைப்படமும் எடுப்பது வந்தவர் இன்னார் என்பதற்கே. எழுத்தறிந்தவரிடமும் அங்கே ரேகை எடுக்கிறார்கள். ரேகை ஆளைக் காட்டும். அவர் உள்ளத்தைக் காட்டாது.

தீர்ப்பு ஹலாலாக்குமா?

சிலர், "வழக்கில் எமக்கே வெற்றி" என்று மன நிறைவு கொள்கின்றனர். நபி (ஸல்) அவர்கள் தம்மிடம் வழக்குரைக்க வருவோரை எச்சரித்ததை உம்மு ஸலமா (ரலி) அன்னையார் அறிவிக்கிறார்கள். ஒருவர் மற்றவரை விட வாதத் திறமை மிக்கவராக இருக்கலாம், அதைக் கேட்டு நாம் தீர்ப்பளித்துவிடக்கூடும், பிறர் உரிமையிலிருந்து அப்படிப் பெற்றது நெருப்புத் துண்டே என்பது அதன் சாரம். அல்லாஹ்வின் தூதருடைய தீர்ப்பே பிறர் பொருளை ஹலாலாக்காது எனில், கைநாட்டைக் காட்டி நாம் பெறும் தீர்ப்பு எம்மாத்திரம்?

பலவீனரைக் காக்கும் முறை

சிலர் வேறோர் எல்லைக்குச் சென்று, படிக்கத் தெரியாதவர் நிலம் விற்கவே கூடாது, மகன்தான் விற்க வேண்டும் என்கின்றனர். அதுவும் சுன்னத்தின் வழி அன்று. ஹப்பான் இப்னு முன்கித் (ரலி) என்னும் தோழர் கொடுக்கல் வாங்கலில் ஏமாந்துகொண்டே இருந்தார். அவரைத் தடுத்துவிடுமாறு குடும்பத்தார் முறையிட்டனர். வியாபாரம் இன்றித் தம்மால் இருக்க முடியாது என்றார் அவர். வாங்கும்போதும் விற்கும்போதும் ஏமாற்று இல்லை என்று நிபந்தனையாகச் சொல்லிக்கொள்ளுமாறு நபியவர்கள் அவருக்குக் கற்றுத் தந்தார்கள். அவரைச் சந்தையிலிருந்து வெளியேற்றவில்லை. அவர் கையில் ஒரு கேடயம் கொடுத்தார்கள். அந்தக் கேடயத்தை இன்று நம் ஜமாஅத் கொடுக்க வேண்டும். அதற்குச் சில நடைமுறைகளை முன்வைக்கிறோம்.

முதலாவதாக, பத்திரத்தின் நகலைப் பதிவு நாளுக்கு முன்னரே கேட்டு வாங்கி வீட்டில் வைத்து வாசிக்கச் செய்யுங்கள். வாசிப்பவர் உங்கள் தரப்பைச் சார்ந்தவராக, அந்த நிலத்தில் எவ்விதப் பங்கும் இல்லாதவராக இருக்கட்டும்.

இரண்டாவதாக, பத்திரத்தின் பெயரைக் கேளுங்கள். கிரயமா, அடமானமா, விடுதலையா, தான செட்டில்மென்ட்டா, பவரா? கடனுக்கு ஈடு என்று சொல்லிப் பொது அதிகாரப் பத்திரத்தில் விரல் ஒற்ற வைப்போர் உண்டு.

மூன்றாவதாக, சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, நான்கு எல்லைகள் ஆகியவற்றை வாசிக்கக் கேட்டு நிலத்தில் நேரே நடந்து ஒப்பிடுங்கள். எழுத்தறியாத உழவர் எழுத்தறிந்தவரை விடத் தம் வரப்பை நன்கு அறிவார்.

நான்காவதாக, வாசித்தபின், "விளங்கிற்றா?" என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். எதை, எவ்வளவு, யாருக்கு, என்ன விலைக்கு விற்கிறார் என்று அவர் வாயாலேயே சொல்லக் கேளுங்கள். ஈஜாப் என்பது அதுதான்.

ஐந்தாவதாக, சாட்சிகள். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்றும், விற்பவர் அதை அறிவாரா என்றும் தெரியாமல், நட்புக்காகச் சாட்சிக் கையொப்பம் இடுவதை விட்டொழிப்போம். விற்பவர் படிக்கத் தெரியாதவராயின், அவருக்கு முழுமையாக வாசித்துக் காட்டப்பட்டதை நேரில் கண்டாலன்றி எந்தப் பத்திரத்திலும் நாம் சாட்சியாக ஒப்பமிட மாட்டோம். நிர்வாகக் குழுவினரும் இதையே தமக்கு விதியாக்கிக்கொள்ள வேண்டும் என இந்தச் சபையில் கேட்டுக்கொள்கிறோம்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். வாரத்தில் ஒரு நாள் அஸருக்குப் பின் மதரஸா அறையைத் திறந்து வைத்து, பத்திரம் வாசிக்கத் தெரிந்த இருவரை அங்கு அமர்த்துவோம். பெண்களுக்கென ஓர் ஆசிரியை இருக்கட்டும். யார் வேண்டுமானாலும் வந்து தம் ஆவணத்தை வாசிக்கக் கேட்கலாம். கேட்டது வெளியே போகக் கூடாது. இதற்குப் பெரும் செலவில்லை. ஏற்கெனவே விரல் ஒற்றியவர்களும் வரட்டும். தம் பெயரில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதை அவர்கள் அறியட்டும். உடன்பிறந்தவளின் பங்கு தம் வரப்புக்குள் இருப்பதை அறிந்தவர்கள், அவர் வழக்கிடும்வரை காத்திராமல், கணக்கைச் சொல்லி, அவர் முன் வைத்துக் கேட்கட்டும். பிறகு அவர் மனமுவந்து விட்டால் அது அவருடைய ஈகை. கேட்டால் அது அவருடைய உரிமை.

படித்தவருக்குக் கல்வி அமானிதம். படியாதவரின் நம்பிக்கையும் நம்மிடம் அமானிதமே. ஒரு விரலில் பூசிய மை கழுவினால் போய்விடும். அதன் கணக்கு மஹ்ஷரில் நிற்கும்.

வல்ல ரஹ்மான் நம் கொடுக்கல் வாங்கலை ஹலாலானதாக்கி, பிறர் உரிமை நம் கழுத்தில் இல்லாதவர்களாக நம்மை அவன் சமூகம் சேர்ப்பானாக! ஆமீன்.